சேரப்பணஞ்சேரியில் கம்பெனி பஸ் திரும்பிய காலை

“குவைத்துலேர்ந்தா வர்றீங்க?” என்று கேட்டார் டீக்கடைக்காரர்.

ஸ்ரீபெரும்புதூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, பெட்டியைக் கீழே வைத்து, ஒரு ‘தே’ வேண்டும் என்று கேட்டிருந்தேன். அவ்வளவுதான். 1991 தை மாதம். வளைகுடாவில் சண்டை நடந்துகொண்டிருந்தது. கடை ரேடியோவைச் சுற்றி ஒரு கூட்டம் நின்றது. வெளிநாட்டுப் பெட்டியோடு வருகிறவர்கள் எல்லாம் அங்கிருந்துதான் தப்பி வருகிறார்கள் என்று அவர் முடிவு கட்டியிருந்தார்.

“இல்லைங்க. மலேசியா.”

“அங்கியும் சண்டையா?”

“இல்லைங்க.”

“பின்ன ஏம்மா வந்தீங்க?”

நான் வந்த காரணத்தை ஒரு டீ ஆறுவதற்குள் சொல்லிவிட முடியாது. பேராக் மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஆயாக் கொட்டகையைப் பார்த்துக்கொள்கிறவள் நான். பால் வெட்டப் போகிற தாய்மார்கள் விடியுமுன் பிள்ளைகளைக் கொண்டுவந்து என்னிடம் விடுவார்கள். எங்கள் மாதர் சங்கத்துக்கு ஒரு யோசனை வந்தது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் குடும்பங்களுக்குப் பாடம் சொல்லித்தரும் திட்டம் ஒன்று நன்றாக நடக்கிறதாம், பரமேஸ்வரி போய்ப் பார்த்துவிட்டு வரட்டும் என்றார்கள். நான் ஒரு இடத்தில் உட்காராதவள். நாற்காலியில் கட்டிப்போட்டால் நாற்காலியோடு நடப்பாய் என்பார் என் வீட்டுக்காரர். அதனால்தான் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று நினைக்கிறேன்.

டீ வந்தது. எங்கள் ஊர்த் தேயின் கெட்டிப்பால் இனிப்பு இதில் இல்லை. இஞ்சி இருந்தது. இரண்டாவது டம்ளரும் வாங்கிக் குடித்தேன். அந்தத் திட்டத்தில் பாடம் சொல்லித்தருகிற, என்னை அழைத்துப்போக வேண்டிய எஸ்தரைக் காணவில்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், சாலையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தேன். பெட்டியைக் கடைக்காரர் பார்த்துக்கொண்டார். நான் நடப்பதைக் கடையிலிருந்த எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எஸ்தர் சைக்கிளில் வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தாள். கைப்பிடியில் ஒரு துணிப்பை தொங்கியது. “மன்னிச்சிக்குங்கக்கா, செயின் கழண்டுகினே இருந்துச்சு,” என்றாள். கை முழுக்கக் கிரீஸ். அதே கையால் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அந்தக் கறை மண்ணூர் போய்ச் சேரும்வரை போகவில்லை.

மண்ணூரில் அவள் வீடு. அன்று ராச்சாப்பாடு கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும். எங்கள் ஊரில் கருவாட்டை அரைத்த மிளகாய்ச் சம்பாலோடு சேர்ப்போம். இங்கே புளியும் கத்தரிக்காயும் சேர்ந்து வேறு ஒரு ஆளாகிவிட்டது. களியை மென்றேன். மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும் என்று எஸ்தரின் அப்பா சொல்லித்தந்தார். மறுநாள் காலையில் அவரைப் பார்த்து, எங்கள் வழக்கப்படி, “பசியாறிட்டீங்களா?” என்று கேட்டுவைத்தேன். அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். “ஏம்மா, நாம பட்டினி கெடக்கிறோம்னு இவங்ககிட்ட யார் சொன்னது?” என்றார். டிபன் சாப்பிட்டாச்சா என்பதற்கு எங்கள் பேச்சு அது என்று விளக்குவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

“பள்ளிக்கூடம் எங்கே?” என்று எஸ்தரிடம் கேட்டேன். கட்டடம், பெயர்ப் பலகை, பெஞ்சு என்று எதையாவது பார்த்துச் சங்கத்துக்குச் சொல்ல வேண்டுமே.

“அதெல்லாம் இல்லக்கா. ஆளு எங்க இருக்காங்களோ அங்கதான்.”

மண்ணூரில் பெண்கள் ரேஷன் கடை வாசலில் இருந்தார்கள். மண்ணெண்ணெய் வரும் என்று காத்துக்கொண்டிருந்த நேரத்தை எஸ்தர் எடுத்துக்கொண்டாள். பேதியாகும் குழந்தைக்கு உப்பும் சர்க்கரையும் எவ்வளவு கலப்பது, முதல் நாளிலேயே சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டாமல் ஏன் கொடுக்க வேண்டும், பஸ் பலகையில் ஊர்ப் பெயரை எப்படிப் படிப்பது. பெண்கள் கேள்வி கேட்டார்கள், சண்டை போட்டார்கள், சிரித்தார்கள். எனக்குப் பிடித்திருந்தது. முடிவில் ஒருத்தி எண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

“எல்லாம் தெரிஞ்சிகினோம் டீச்சர். வூட்ல எவன் கேக்குறான்?”

எங்கே போனாலும் கேட்ட இந்தப் பேச்சுதான் எஸ்தரைச் சேரப்பணஞ்சேரிக்குக் கொண்டுபோயிருந்தது. அங்கே அவள் ஆண்களுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள்.

அங்கே போவது சுலபமாக இல்லை. டீசல் தட்டுப்பாடு என்று டவுன் பஸ்களில் பாதி ஓடவில்லை. ஓடிய பஸ்ஸும் நிறுத்தத்தில் நிற்காமல் தாண்டிப் போய் நின்றது. கூட்டம் மொத்தமும் ஓடியது. நானும் ஓடினேன். எங்கள் ஊரில் பஸ் நம்மைத் தேடி வரும், இங்கே நாம் பஸ்ஸைத் தேடி ஓட வேண்டும் என்று மூச்சு வாங்கச் சொன்னேன். பக்கத்தில் நசுங்கிக்கொண்டிருந்த பெரியவர், “ஏறிட்டீங்கல்ல, அப்புறம் இன்னா?” என்றார்.

ஒரகடம் கூட்டு ரோட்டில் இறங்கி, மேலே ஏற்றியிருந்த சைக்கிளை இறக்கினோம். மீதி வழிக்கு என்னைப் பின்னால் உட்காரச் சொன்னாள் எஸ்தர். என் எடை அவளுக்குத் தெரியாது. ஏரிக்கரை மேட்டில் செயின் கழன்றது. நான் ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம், அவள் துணிப்பை வாய்க்கால் ஓரம். பையிலிருந்து அட்டைகள் சிதறின. அவள் முதலில் ஓடியது அட்டைகளை எடுக்கத்தான். என்னை அப்புறம்தான் தூக்கினாள்.

அவளே கலர் பென்சிலால் வரைந்த அட்டைகள் அவை. வீங்கிய கால். ஊதிய முகம். தலையைப் பிடித்துக்கொண்டிருக்கும் பெண். இரண்டிரண்டாகத் தெரியும் விளக்கு. வலிப்பில் வெட்டி இழுக்கும் கை. பிள்ளைத்தாய்ச்சிக்கு வரக்கூடிய ஆபத்தின் அடையாளங்கள்.

பால்வாடிக் கட்டடத்தின் பின்னறையில் தங்கினோம். மறுநாள் காலை எஸ்தர் என்னைச் சாலைக்கு அழைத்துப்போனாள். பனி இறங்கியிருந்தது. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கையில் டிபன் தூக்கோடு ஆண்கள் நின்றிருந்தார்கள். டிரங்க் ரோட்டில் ஒரு இரும்புச் சாமான் கம்பெனிக்கு ஷிப்ட் போகிறவர்கள். பக்கத்து ஊர்களிலும் ஆள் ஏற்றிக்கொண்டு வரும் கம்பெனி பஸ்ஸுக்காகக் காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்புதான் எஸ்தரின் வகுப்பறை.

அவள் அட்டையைத் தூக்கிப் பிடித்தாள். “காலு வீங்குதா, மூஞ்சி ஊதுதா, தலைவலி தாங்கலியா, கண்ணு மங்குதா? ஒண்ணு இருந்தாலும் அன்னிக்கே ஆஸ்பத்திரி. நாளைக்குப் பாத்துக்கலாம்னு வைக்காதீங்க.”

மெலிந்த ஒருவன் கையைத் தூக்கினான். ஏழுமலை என்று பெயர். “டீச்சர், ஓ.டி. பாத்துப் பாத்து எனக்குத்தான் தலைவலி, கண்ணு மங்கல். நா இப்ப எத்தினி மாசம்?”

கூட்டம் சிரித்தது. எஸ்தரும் சிரித்தாள். மீசைக்காரர் ஒருவர், பெருமாள் என்றார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டார். “பொம்பள சமாச்சாரத்த நடுரோட்ல. கருமம்.”

பஸ் வந்தது. டிரைவர் தசரதன் ஹாரனை அழுத்திக்கொண்டே, “ஏறு, ஏறு. பாடத்த லைன்ல போய்ப் படிங்கப்பா,” என்று கத்தினார். சாலை காலியானது. எஸ்தர் அட்டைகளைப் பையில் போட்டாள்.

“இதுதான் வகுப்பா?” என்று கேட்டேன். குரலில் எரிச்சல் இருந்தது. “யாரு கேட்டாங்க?”

“கேக்கலன்னு எப்படிச் சொல்றீங்க? லவுட் ஸ்பீக்கர்ல பாட்டுப் போடறான். நாம கேக்கணும்னா கேட்டோம்? வாய் தானாப் பாடுதுல்ல?”

எனக்குத் திருப்தியில்லை. அடுத்தடுத்த காலைகளிலும் அதே அட்டை, அதே கேலி, அதே ஹாரன். பகலில் பால்வாடித் திண்ணையில் பெண்கள் வகுப்பு. அங்கேதான் ஏழுமலையின் மனைவி கஸ்தூரியைப் பார்த்தேன். மூன்று வயதுப் பெண் ஒன்று, வயிற்றில் எட்டு மாதம். மலேசியாவில் மழை பெய்யுமா, அரிசி உண்டா, மாமியார் உண்டா என்று என்னைக் குடைந்தெடுத்தாள். காலைச் சேலைக்குள் இழுத்து மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பனிக்காக என்று நினைத்தேன். நான் வந்த காரியம் நடக்கவில்லையே என்ற தவிப்பில் ஏரிக்கரையில் நடந்துகொண்டே இருந்தேன். ஊருக்குள், “அந்த மலேசியாம்மா இன்னாத்தையோ தொலைச்சிட்டுத் தேடுது,” என்று பேச்சாம்.

ஒரு நாள் காலையில் ஏழுமலையைக் காணவில்லை. பஸ் வந்து ஆட்கள் ஏறத் தொடங்கிய பிறகு, பனிக்குள்ளிருந்து லுங்கியோடு ஓடிவந்தான். கையில் தூக்கு இல்லை.

“டீச்சர், எங்க வூட்ல மூஞ்சி ஊதிகினு கீது. மெட்டி கழலல. கொடத்துல தண்ணி ஊத்துன்னா பக்கத்துல ஊத்துது. கண்ணு தெர்லன்னுது. அட்டையில போட்டிருக்கீங்களே, அதேதான். கூப்ட்டா வர மாட்டேன்னுது.”

எஸ்தர் அட்டைகளைப் போட்டது போட்டபடி ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன்.

கஸ்தூரி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். நேற்றுப் பார்த்த முகம் இல்லை அது. கண்கள் இரண்டு கோடாகிவிட்டன. மாமியார் முனியம்மா வாசலை அடைத்து நின்றார்.

“காலு ஊதினா ஆம்பளப் புள்ளடா. உன்ன நா பெக்கலியா? எந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன்?”

எஸ்தர் உள்ளே போய்க் கஸ்தூரியின் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள். கஸ்தூரி தலையை ஆட்டினாள். “சொல்லாதீங்க டீச்சர். எல்லாம் தெரியும். அட்டய நானுந்தான் பாத்தேன். பாத்ததுனாலதான் கால மறைச்சிகினேன். எங்க அக்காவ இப்பிடித்தான் இட்டுகினு போனாங்க. துணியில சுத்தித் திருப்பி இட்டாந்தாங்க. நா வர்ல.”

பாடம் தெரியாதவளுக்குப் பாடம் சொல்லலாம். தெரிந்து பயப்படுகிறவளுக்கு என்ன சொல்வது? கஸ்தூரியின் கையைப் பிடித்துக்கொண்டேன். விரல்கள் பொதபொதவென்று இருந்தன.

ஏழுமலை மனைவியின் எதிரில் தரையில் உட்கார்ந்தான். “நீ வர்லன்னா நானும் எங்கியும் போவல. இங்கியே குந்திகினு உன் மூஞ்சியப் பாத்துகினு இருக்கேன். உனக்குக் கண்ணு தெர்ல. எனக்குத் தெர்துல்ல?”

சொல்லிவிட்டு அழுதான். தினமும் எங்களைக் கேலி செய்த அதே வாய் கோணிக்கொண்டு அழுதது. கஸ்தூரி கையை நீட்டினாள். அவன் முகம் எங்கே இருக்கிறது என்று தடவித் தேடினாள். பிறகு, “தூக்கு,” என்றாள்.

முனியம்மா வழியை விட்டார். பேத்தியை இடுப்பில் தூக்கிக்கொண்டு எஸ்தரைப் பார்த்தார். “எம் மருமவ திரும்பி வர்லன்னா, இந்த ஊருக்குள்ள நீ சைக்கிள் வுட மாட்ட.”

சாலைக்குக் கொண்டுவந்தபோது கம்பெனி பஸ் இன்னும் அங்கேயே உறுமிக்கொண்டு நின்றது. ஏழுமலை வரட்டும் என்று ஆட்கள் மறித்து வைத்திருந்தார்கள். தசரதன் கீழே இறங்கித் திட்டிக்கொண்டிருந்தார். டவுன் பஸ் எப்போது வரும், வருமா என்பதே யாருக்கும் தெரியவில்லை.

“அண்ணே, பெரிய ஆஸ்பத்திரிக்கு,” என்றாள் எஸ்தர்.

“கம்பெனி வண்டிமா. வெளியாளை ஏத்தினா என்ன வூட்டுக்கு அனுப்பிடுவான். நா கான்ட்ராக்ட் டிரைவரு. அதுவும் வந்த வழியே தாம்பரம் பக்கம் திரும்பணும். ஷிப்ட் இன்னாவறது?”

“எனக்கு ஏற்கெனவே லேட்டு இருக்கு,” என்றார் ஒருவர். “இன்னொரு தபா ஆனா மெமோ. நா ஏதாவது லாரி புடிச்சிப் போறேன்.” அவர் இறங்கி நடந்தார். அவர் பின்னால் இன்னும் இரண்டு பேர். அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

பெருமாள்தான் ஜன்னலிலிருந்து தலையை நீட்டினார். “அண்ணாத்த, வண்டியத் திருப்பு. லேட்டு போட்டா எல்லாருக்கும்தான போடுவான். அந்தம்மா மூஞ்சியப் பாரு. அட்டையில கீற மாதிரியே கீது.”

தசரதன் பார்த்தார். வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினார். ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தார். அந்தக் குறுகிய சாலையில் அவ்வளவு நீள பஸ் முன்னும் பின்னுமாக அசைந்து திரும்புவதற்குள் என் உயிர் போய் வந்தது. சக்கரத்தின் கீழ் எஸ்தரின் அட்டைகள் நசுங்கின. அவள் கவனிக்கவில்லை.

கடைசி நீள சீட்டில் கஸ்தூரியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். அறுவடைக் காலம். வண்டிகள் ஏறி மிதிக்கட்டும் என்று சாலையில் நெற்கதிரைப் பரப்பியிருந்தார்கள். பஸ் அதன்மேல் ஏறியதும் ஏதோ கரகரத்தது. கொஞ்ச தூரத்தில் புகை நாற்றம் வந்தது. அடியில் சுழலும் தண்டில் வைக்கோல் கயிறு போலச் சுற்றிக்கொண்டுவிட்டது. தசரதன் நிறுத்தினார். ஆட்கள் குதித்தார்கள். களத்திலிருந்த பெண்களிடம் அரிவாள் வாங்கிக்கொண்டு, கம்பெனிச் சட்டையோடு மண்ணில் மல்லாந்து பஸ்ஸுக்கு அடியில் நுழைந்தார்கள். “இன்னும் ஒரு சுத்து கீது, இழு, இழுடா!” என்ற குரல் தரை வழியே எங்களுக்குக் கேட்டது.

“எங்க கீறோம்?” என்று கஸ்தூரி கேட்டாள்.

“படப்பை வந்துட்டோம்மா,” என்று பொய் சொன்னேன். படப்பை எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

“பஸ்ஸு நிக்குதே?”

“ஆளு ஏறுறாங்க.”

வைக்கோலை அறுத்தெறிந்ததும் பஸ் கிளம்பியது. வழியில் சுகாதார நிலையத்து நர்ஸம்மா ஏறி ரத்த அழுத்தம் பார்த்தார். பஸ்ஸுக்குள்ளேயே ஒரு ஊசி போட்டார். “எங்கியும் நிறுத்தாதீங்க,” என்று சொல்லி இறங்கிக்கொண்டார். தசரதன் நிறுத்தவில்லை. ஹாரனிலிருந்து கையை எடுக்கவும் இல்லை. ஆஸ்பத்திரி மதில் தெரிகிற நேரத்தில் கஸ்தூரியின் உடம்பு விறைத்தது. கை வெட்டி இழுத்தது. நான் கத்திவிட்டேன். எஸ்தர் அவளைப் புரண்டு விழாமல் பிடித்துக்கொண்டாள். பஸ் முழுக்க ஆண்கள் எழுந்து நின்றார்கள்.

உள்ளே கொண்டுபோன பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. எனக்கு அதுதான் பெரிய தண்டனை. வராந்தாவில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தேன். டாக்டரம்மா கதவைத் திறந்து நர்ஸிடம் இங்கிலீஷில் சொன்னது காதில் விழுந்தது: “ரத்தம் தேவைப்படும். வெளியே ஒரு தொழிற்சாலையே வந்து நிற்கிறது, கேட்டுப் பாருங்கள்.”

கேட்டதும் தொழிற்சாலையில் பாதி கேட்டுக்கு வெளியே பீடி பிடிக்கப் போய்விட்டது. ரத்தம் கொடுத்தால் மிஷின் முன்னால் நிற்கச் சக்தி இருக்காது என்று பயம். பெருமாள் சட்டைக் கையைச் சுருட்டினார். “வலிக்குமா சிஸ்டர்?” என்று கேட்டுவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். இன்னும் சிலர் அவர் பின்னால் வரிசையில் நின்றார்கள். தசரதனும் வந்தார். வண்டி ஓட்டுகிறவர் என்று அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மிச்சமிருந்த ஆட்களை ஏற்றிக்கொண்டு அவர் கம்பெனிக்குப் புறப்பட்டார்.

வெயில் உச்சிக்கு வந்தபோது பிள்ளையை எடுத்துவிட்டார்கள். பெண். என் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கும். அழுகைகூடப் பூனைக்குட்டி சத்தம்தான். கஸ்தூரி மறுநாள்தான் கண் விழித்தாள். பார்வை திரும்பியிருந்தது. முதலில் அவள் பார்த்தது என்னை. “நீங்க குண்டா இருப்பீங்கன்னு ஞாபகம், இவ்ளோ குண்டா?” என்றாள். ஏழுமலை சிரித்த சிரிப்பில் வார்டு ஆயா வந்து விரட்டினார்.

முனியம்மா பேத்தியோடு டவுன் பஸ் பிடித்து வந்திருந்தார். குழந்தையைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார். “ஆம்பளப் புள்ளன்னு சொன்னேன். நா சொன்னது எதுவுமே சரியா வர்லியே,” என்று சொல்லித் தேம்பினார். எஸ்தர் அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

இதோடு முடிந்திருந்தால் நானும் நிம்மதியாகப் பெட்டி கட்டியிருப்பேன். கஸ்தூரி கண் விழித்த மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸில் புது டிரைவர் இருந்தார். தசரதனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்த ஆட்களுக்கெல்லாம் அரை நாள் சம்பளப் பிடிப்பு. சாலையோரம் நாங்கள் நின்றபோது ஒருவரும் எங்களைப் பார்க்கவில்லை. அன்று லாரி பிடித்துப் போனாரே, அவர்தான் பேசினார்.

“நீ படம் காட்டிட்டு வூட்டுக்குப் போய்டுவ டீச்சர். தசரதனுக்கு மூணு பொண்ணு. அதுங்க சோத்துக்கு எந்த அட்டையைக் காட்டுவ?”

எஸ்தர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும் தோள் குலுங்கியது. “நான் வேற என்னக்கா செஞ்சிருக்கணும்?” என்று கேட்டாள். எந்த ஊருக்கும் உபதேசம் சொல்லத் தயாராக வந்திருந்த நான் சைக்கிளின் இன்னொரு கைப்பிடியைப் பிடித்துத் தள்ளினேன்.

படப்பை பக்கம் தசரதன் வீட்டைத் தேடிப் போனோம். அவர் மனைவி உள்ளே கூப்பிடவில்லை. வாசலிலேயே நின்றோம். தசரதன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

“நீ ஏம்மா வந்த? வண்டி ஓட்டினது நானு. அந்தப் பொண்ணுக்கு எப்பிடி கீது?”

எஸ்தர் சொன்னாள். தலையை ஆட்டினார். “சரி. வெயில் ஏறுது, கிளம்புங்க.” எங்களை அனுப்பிவைப்பதில்தான் குறியாக இருந்தார். கண் கலங்குவதை நாங்கள் பார்க்கக் கூடாது என்றிருக்கலாம். மனைவி கேட்கப் போகும் கேள்வியை நினைத்தும் இருக்கலாம்.

நான் புறப்படுவதற்கு முந்தின காலை ஏழுமலை ஆஸ்பத்திரியிலிருந்து நேரே சாலைக்கு வந்தான். சவரம் செய்யாத முகம், கசங்கிய சட்டை. பஸ் வந்து நின்றது. எல்லாரும் ஏறினார்கள். அவன் ஏறவில்லை.

“ஏறுப்பா,” என்றார் புது டிரைவர்.

“தசரதன் அண்ணன் ஓட்டினா ஏறுறேன்.”

“நைனா, உனக்குப் புள்ள பொறந்து கீது. வேலைய வுட்டுட்டுத் தெருவுல நிப்பியா?” என்று உள்ளேயிருந்து யாரோ கத்தினார்கள்.

“புள்ள பொறந்து கீதுல்ல. அதான்.”

எனக்கு ஓடிப்போய் அவனைப் பிடித்து பஸ்ஸுக்குள் தள்ளிவிடலாமா என்றிருந்தது. பெருமாள் இறங்கினார். பிறகு சத்தமே இல்லாமல் ஒவ்வொருவராக. எல்லாரும் இல்லை, பாதிப் பேர்தான். மீதிப் பேர் ஜன்னலோரம் தலையைக் குனிந்துகொண்டார்கள். பஸ் பாதி காலியாகப் போனது. இறங்கியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, செய்தது சரிதானா என்று தெரியாமல் நின்றார்கள். ஒருவர் தூக்கைத் திறந்து அங்கேயே சாப்பிட ஆரம்பித்தார்.

பாதி ஆள் இல்லாமல் கம்பெனியில் மிஷின் லைன் ஓடவில்லை போல. மத்தியானத்துக்கு மேல் ஒரு சூப்பர்வைசர் ஜீப்பில் வந்தார். சாலையிலேயே வாக்குவாதம். விரல்கள் நீண்டன, குரல்கள் ஏறி இறங்கின. கடைசியில் தசரதனைத் திரும்ப எடுத்துக்கொள்வது என்று ஆனது, எச்சரிக்கையோடு. பிடித்த சம்பளம் பிடித்ததுதான். இறங்கியவர்களுக்கு அன்றைய நாளும் போயிற்று. யாரும் கைதட்டவில்லை. களைத்துப்போய் வீட்டுக்கு நடந்தார்கள். எஸ்தர் கடையில் புது அட்டையும் கலர் பென்சிலும் வாங்கினாள்.

அவளிடம் விடைபெறும்போது நிறையப் பேச நினைத்தேன். பஸ் வழக்கம்போலத் தாண்டிப் போய் நின்றது. ஓடத்தான் நேரம் இருந்தது.

தோட்டத்துக்குத் திரும்பினேன். சங்கத்தில் பேசினேன். அவர்கள் தலையாட்டிக் கேட்டார்கள். நம் தோட்டத்தில்தான் வைத்தியம் பார்க்க டிரெஸ்ஸர் இருக்கிறாரே, ஊசி மருந்து இருக்கிறதே, நமக்கு இதெல்லாம் எதற்கு என்றார் தலைவி. எனக்கு உட்காரப் பிடிக்கவில்லை.

எங்கள் தோட்டத்தில் விடியற்காலை பெரட்டு நடக்கும். வேலைக்குப் போகுமுன் எல்லாரும் ஆபீஸ் முன்னால் வரிசையில் நிற்க, மேஸ்திரி, நாங்கள் மண்டோர் என்போம், பெயர் கூப்பிடுவார். அதற்கு முன்னால் கொஞ்ச நேரம் எனக்குக் கொடுங்கள் என்று ஆபீஸ் கணக்குப் பார்க்கும் கிராணியிடம் கேட்டேன். ஆம்பளைகள் நடுவில் உனக்கு என்ன பேச்சு என்றார். தொடர்ந்து கேட்டேன். என் தொல்லை தாங்காமல் சரி என்றார்.

நின்றேன். எதிரில் இருட்டில் முகங்கள், தலையில் கட்டிய விளக்குகள். எஸ்தர் எப்படித் தினமும் இதைச் செய்தாள்? மனப்பாடம் செய்ததையெல்லாம் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். பின்வரிசையில் சிரிப்பு. யாரோ விசில் அடித்தார்கள். மண்டோர் கையை உயர்த்தினார், பெயர் கூப்பிட ஆரம்பித்தார்.

முன்வரிசையில் நின்ற ஒரு பையன், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது, என்னிடம் குனிந்தான்.

“அக்கா, கால் வீக்கம்னு சொன்னீங்களே. சிலிப்பர் போட முடியாத அளவுக்கா?”

“ஆமா. யாருக்கு?”

மண்டோர் அவன் பெயரைக் கூப்பிட்டார். அவன் அவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் அவன் கையைப் பிடித்து வரிசையிலிருந்து வெளியே இழுத்தேன். பின்னால் மண்டோர் சத்தம் போட்டார்.

“எந்த லயத்து வீடு, காட்டு,” என்று கேட்டுக்கொண்டே நடந்தேன்.